ஆரோக்கியமேரிக்கு விடுப்பு கொடுப்பது யார்?

1

விதி இதுதான்: எந்த அலுவலரும் தன் விடுப்பைத் தானே அனுமதித்துக்கொள்ள முடியாது. விண்ணப்பிப்பவர் ஒருவர், அனுமதிப்பவர் இன்னொருவர். இருவருக்கும் நடுவே குறைந்தது ஒரு மேசையாவது இருக்க வேண்டும்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் சென்னையில் ஓர் அரசுத் துறையின் பணியமைப்புப் பிரிவில் இருந்தேன். ஓய்வு பெறும்போது கண்காணிப்பாளர். மற்றவர்களுடைய விடுப்புதான் என் வேலை. யாருக்கு எத்தனை நாள் காய்ச்சல் அடிக்கலாம் என்பதை விதி எண்ணோடு சொல்லுவேன். அப்படிப்பட்டவனிடம், அடையாறில் நடைபாதையில் மீன் விற்கும் ஆரோக்கியமேரி தொலைபேசியில், "லீவா? அத்த நானே குடுத்துக்கினேன் சாரு" என்றார். நான் இருந்தது பூமியின் மறுபக்கம். இருந்தும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

2

நானும் என் மனைவி கமலாவும் மயிலாப்பூரை விட்டு மகனோடு வந்து தங்கி மூன்று ஆண்டு நிறைந்துவிட்டது. நாட்டின் பெயரைச் சொல்லப் போவதில்லை. மகனின் குடியுரிமை விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது. பனி பெய்யும், குப்பைக்கு மூன்று நிறத்தில் தொட்டி உண்டு, அவ்வளவு போதும். காலையில் வணிக வளாகத்துக்குள் நடைப்பயிற்சி. வெளியே நடந்தால் எலும்பு முறியும். பிறகு நூலகம். பிறகு நகராட்சிக்கு ஒரு கடிதம், பேருந்து நிழற்குடை பற்றி. "தக்க நடவடிக்கை எடுக்கவும்" என்று முடிப்பேன். இங்குள்ளவர்கள், "என்ன நடவடிக்கை என்று தெரிவிக்க முடியுமா?" என்று மறுநாளே திருப்பி எழுதுகிறார்கள். நம்மூரில் என் கடிதங்களுக்கு அந்தச் சிக்கலே வந்ததில்லை. நடவடிக்கையும் வந்ததில்லை.

மகன் முரளி போன வருடம் நல்ல நிறுவனத்து வேலையை விட்டுவிட்டுத் தனக்குத் தானே வேலை பார்க்கிறான். இடுப்புக்கு மேலே சட்டை, கீழே அரைக்கால் சராய், படுக்கையறையில் கணினி. "உன் மேலதிகாரி யாருடா?" என்றேன். "கஸ்டமர்பா" என்றான். சிரித்தேன். லஸ்ஸில் இருக்கும் என் தம்பி விசாரித்தபோது, முரளி டெபுடேஷனில், அதாவது அயற்பணியில், இருப்பதாகச் சொல்லி வைத்தேன். முற்றிலும் பொய் அல்ல. அயல்நாடு, பணி இரண்டும் இருக்கின்றன.

ஸ்டெல்லாவை எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்துத் துணி துவைக்கும் அறையில் பார்த்தேன். செவிலியர் உடையில் ஒரு பெண், காதில் தொலைபேசியோடு, "இன்னாமா சொல்ற? மய பெய்யுதா? குடை கீதா இல்லியா?" என்று கத்திக்கொண்டிருந்தாள். மயிலாப்பூரில் இருந்த காலத்தில் அந்தப் பேச்சு காதில் விழுந்தால் முகம் சுளித்திருப்பேன். அன்று ஈர வேட்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். பேசி முடித்து என்னைப் பார்த்தவள், "என்ன அங்கிள், மெஷின் ஓடலியா?" என்றாள். எனக்காக எழுத்துத் தமிழுக்குப் பக்கத்தில் வந்துவிட்டிருந்தாள். ஏமாற்றமாக இருந்தது.

ஸ்டெல்லா கொட்டிவாக்கம் குப்பத்துப் பெண். கணவன் நெடுந்தூர லாரி ஓட்டுகிறான். வாரத்தில் ஐந்து நாள் சாலையில். ஆவணியில் அவளுக்கு நான்காவது மாதம். தை கடைசியில் பிரசவம், இங்கே பனி முழங்கால் வரை நிற்கும் சமயம். அம்மா ஆரோக்கியமேரி வந்தாக வேண்டும். அம்மாவுக்கு அவளை விட்டால் யாரும் இல்லை, அவளுக்கும் அம்மாவை விட்டால் யாரும் இல்லை.

"பார்வையாளர் விசாதானே? படிவத்தைக் கொண்டு வா" என்றேன். ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் யாரும் படிவம் கொண்டு வந்ததில்லை. அந்த மகிழ்ச்சியில் செய்த காரியம்தான் கீழே வருவது.

3

விண்ணப்பம் புரட்டாசியில் நிராகரிக்கப்பட்டது. ஒரு பக்கக் கடிதம். விண்ணப்பதாரரைச் சொந்த நாட்டுக்குத் திரும்ப வரவழைக்கும்படியான வேலையோ பொறுப்போ அங்கே இருப்பதாகத் தெரியவில்லை, ஆகவே அவர் திரும்பிச் செல்வார் என்று நம்ப இடமில்லை.

ஸ்டெல்லா படிவத்தின் நகலை எடுத்து வரிவரியாகப் படித்தாள். ஓர் இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். பிறகு அம்மாவைக் காணொளியில் அழைத்து, தொலைபேசியை என் கையில் கொடுத்துவிட்டாள்.

திரையில் ஒரு பாதி முகம், மறு பாதியில் மீன் செதில் ஒட்டியிருந்தது. பின்னால் பேருந்துச் சத்தம். புரட்டாசியில் பாதி ஊர் மீன் சாப்பிடாது. வியாபாரம் மந்தம், என்னைத் திட்ட நேரம் தாராளம்.

"சாரு, என்னிய வேலையில்லாதவன்னு எய்தனது நீங்கோதானா?"

"அதாவது அம்மா, படிவத்தில் ‘வேலை அளிப்பவர் பெயர்’ என்று ஒரு கட்டம்..."

"கட்டம் கெடக்குது. மூணு மணிக்கு எந்திரிச்சி காசிமேடு போறேன். ஏலத்துல ஆம்பளைங்களோட முட்டி மோதி கூடைய எடுக்கறேன். ஷேர் ஆட்டோல நாத்தம் அடிக்குதுன்னு எறக்கி வுடுவான், அவன்கிட்ட சண்ட. எட்டு மணிக்கி இங்க குந்துனா ரெண்டு மணி வரிக்கும் கத்தி கையில. நான் வேலையில்லாதவ. நீங்கோ பத்து மணிக்கி ஆபீசு போயி இன்னா பண்ணீங்கோ?"

"கோப்புகள் பார்த்தேன்."

"பாத்து?"

கேள்வி நியாயமானது. பார்த்த பிறகு அவற்றை அடுத்த மேசைக்கு அனுப்பினேன். அதை மீன் வெட்டும் கத்தியைக் கையில் வைத்திருக்கும் ஒருவரிடம் விளக்குவது சுலபமில்லை.

"செரி வுடு சாரு, மொகம் வாடாத" என்றார் ஆரோக்கியமேரி. "எம் பொண்ணு அங்க தனியா கீது. அத்த பாரு மொதல்ல."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். படிவத்தில் ‘சுயதொழில்’ என்றும் ஒரு தேர்வு இருந்தது. என் கண்ணில் பட்டது. பட்டும், அதைத் தாண்டி ‘வேலையில் இல்லை’ என்பதைக் குறித்தேன். பெயர்ப்பலகை இல்லை, முத்திரை இல்லை, வருகைப் பதிவேடு இல்லை. இது எப்படித் தொழிலாகும் என்று நினைத்தேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

4

இத்தனையையும் கமலா சமையலறையில் பீன்ஸ் நறுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். ஸ்டெல்லா போன பிறகு சிரித்தாள். நல்ல சிரிப்பு அல்ல.

"எனக்கும் அதே கட்டம்தானே போட்டேள்."

"உனக்கா? எப்போ?"

"எப்போ இல்லை? மயிலாப்பூர் ஆத்துல கணக்கெடுக்கறவர் வந்தாரே, ஞாபகம் இருக்கா? உள்ளே பதினோரு குழந்தைகள் சரளி வரிசை பாடிண்டிருந்தது. நீங்க வாசல்ல நின்னுண்டு, ‘சம்பாதிக்கறவர் ஒருத்தர்’னேள். அவரே எட்டிப் பார்த்து, ‘உள்ள பாட்டு கிளாஸா சார்?’னு கேட்டார். ‘அது சும்மா, பொழுதுபோக்கு’ன்னு சொன்னேள்."

நினைவிருந்தது. இருபத்தேழு வருடம் காலையும் மாலையும் கமலா பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். நான் அலுவலகத்திலிருந்து வந்தால் வகுப்பு முடியும்வரை மாடிப்படியில் உட்கார்ந்திருப்பேன். அவளுக்கு விடுமுறை கிடையாது. ஜுரம் வந்தாலும் குழந்தைகள் வந்து நிற்கும். எனக்கு ஈட்டிய விடுப்பு, தற்செயல் விடுப்பு, மருத்துவ விடுப்பு எல்லாம் இருந்தன. இருவரில் வேலை பார்ப்பவன் நான் என்று எழுதிக் கொடுத்தேன். இப்போதும் கணினி வழியாக மூன்று நாட்டுக் குழந்தைகள் அவளிடம் பாடுகின்றன. எழுபது வயதை நெருங்குகிறாள், ஓய்வு பெறவில்லை. ஓய்வு பெறச் சொல்லி அவளுக்கு ஆணை பிறப்பிக்க ஆளில்லை.

"இப்போ என்ன செய்யலாம்கறே?" என்றேன்.

"என்னைக் கேட்டா? தப்புப் பண்ணின குமாஸ்தாவை என்ன கேப்பேள் நீங்க? விளக்கம் எழுதிக் குடுங்கோ. மூணு நாள் அவகாசம்."

5

விளக்கம் என்பது நான் மற்றவர்களிடம் வாங்கும் பொருள். எழுதிப் பழக்கமில்லை. மூன்று நாளில் ஏழு வரைவு எழுதினேன். முதல் வரைவில் படிவத்தின் அமைப்பு குற்றவாளி. மூன்றாவதில் ஸ்டெல்லா தகவல் சரியாகத் தரவில்லை. ஐந்தாவதில் எல்லோரும் சிறிது குற்றவாளிகள். ஏழாவது இப்படி இருந்தது: முதல் விண்ணப்பத்தில் ‘வேலையில் இல்லை’ என்று குறித்தவர் விண்ணப்பதாரர் அல்ல, நான். அவர் முப்பது ஆண்டுகளாகத் தொழில் செய்கிறார். அதைத் தொழிலாக நான் மதிக்கவில்லை. பிழை என்னுடையது. கீழே பெயர், ஓய்வுபெற்ற பதவி, கையொப்பம்.

ஆனால் மறுபடி விண்ணப்பித்தாலும் அந்த விளக்கத்தால் மட்டும் விசா வராது. நிறுவனத்தில் வேலை செய்பவரானால், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை விடுப்பு அளித்தோம், திரும்பி வந்து பணியில் சேருவார் என்று முதலாளி ஒரு கடிதம் தருவார். அந்த ஒரு தாள்தான் ஆள் திரும்பி வருவதற்குச் சாட்சி. இங்கே முதலாளி யார்? கேட்டேன். அப்போதுதான் ஆரோக்கியமேரி, தானே கொடுத்துக்கொண்டதாகச் சொன்னார்.

"அது செல்லாதம்மா. உங்கள் விடுப்பை நீங்களே அனுமதிக்க முடியாது."

"ஏன்? நான் போனா நஷ்டம் எனக்கு. வந்தா லாபம் எனக்கு. நடுவுல எவன் கீறான்?"

மீன்பிடித் தடைக்காலம் என்று ஒன்று வருகிறதே, அரசே ஆணை போட்டுக் கடலை மூடுகிறதே, அதை விடுப்பாகக் காட்டினால் என்ன என்று ஒரு யோசனை சொன்னேன். எனக்கே பெருமையாக இருந்தது.

"அது சித்திரைல சாரு. கொயந்த தைல பொறக்குது. அத்த தள்ளிப் போடச் சொல்லி ஆர்டர் போடுவியா?" பிறகு பக்கத்தில் யாரிடமோ, "ஒண்ணுமில்ல நைனா, நம்ம சாரு, பெரிய ஆபீசரு, மீன் துன்ன மாட்டாரு, அதான் கொஞ்சம் ஸ்லோ" என்றார்.

"சரி, விண்ணப்பத்தில் கேட்கும் நாற்பத்தைந்து நாளும் நீங்கள் இல்லையென்றால் அந்த இடத்தை வேறு யாரும் பிடித்துக்கொள்ள மாட்டார்களா? அப்புறம் எதற்குத் திரும்பி வருவீர்கள் என்று அந்த அதிகாரி கேட்பார்."

"எவன் புடிப்பான்? கட்டைய வச்சிட்டுப் போவேன்ல?"

தொலைபேசியைத் திருப்பிக் காட்டினார். மீன் வெட்டும் புளியமரக் கட்டை. நடுவில் குழிந்து, கறுத்து, விளிம்பெல்லாம் கத்தி வரிகள். அந்த வரிசையில் யார் ஊருக்குப் போனாலும், பிரசவமானாலும், துக்கமானாலும் கட்டையைக் கவிழ்த்து வைத்து மேலே ஒரு கல்லை வைத்துவிட்டுப் போவார்களாம். கட்டை இருக்கும் இடத்தில் யாரும் கூடை இறக்க மாட்டார்கள். பக்கத்தில் கீரை விற்கும் அம்சா, பெருக்கும்போது அதைச் சுற்றித்தான் பெருக்குவாள். அம்சா திரையில் தலையை நீட்டி, "போன வருசம் இது காலு ஒடஞ்சி மூணு மாசம் படுத்துக்கினு இருந்துச்சி சாரு. ஒருத்தன் வந்து எளநி வண்டிய நிறுத்தனான். ‘கட்ட கீது, கண்ணு தெரில?’ன்னேன். போய்ட்டான்" என்றாள்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். இது எங்கள் விதித் தொகுப்பில் இருக்கிறது! அயற்பணிக்குப் போகிறவருக்குப் பழைய நாற்காலி காத்திருக்கும் உரிமை. அலுவலகத்தில் ‘லியன்’ என்போம். அதை நிலைநாட்ட நாங்கள் நான்கு ஆணைகளும் ஏழு நகல்களும் போடுவோம். அடையாறில் ஒரு கட்டையும் ஒரு கல்லும் போதுமாயிருந்தன.

அந்த உற்சாகத்துக்கு நடுவே வேண்டாத ஒன்றும் நினைவுக்கு வந்தது. ஓய்வு பெற்று ஒரு மாதம் கழித்து, என் ஓய்வூதியத் தாள் ஒன்றுக்காக அலுவலகத்துக்குப் போனேன். என் மேசையில் வேறொருவர். அதில் தவறில்லை, மறுநாளே வந்து உட்கார்ந்திருப்பார். வாசலில் இருந்த புதிய உதவியாளர் என்னைப் பார்த்து, "யாரைப் பாக்கணும்? டோக்கன் வாங்கிட்டீங்களா?" என்றார். வாங்கினேன். வரிசையில் நின்றேன். அங்கே என் பெயரில் எந்தக் கட்டையும் கவிழ்ந்திருக்கவில்லை.

6

"இடம் இருக்கிறது, சரி. விடுப்பு தரத்தான் ஆள் வேண்டும்" என்றேன். "நீங்கள் வராவிட்டால் யாருக்குக் கஷ்டம்?"

"கஸ்டமருக்குத்தான். வேற யாருக்கு?" என்றார். பிறகு முதல் முறையாகக் குரல் இறங்கியது. "எனக்கும் அதான் பயம் சாரு. எடம் எங்க போவப்போவுது? ஆனா நாப்பத்தஞ்சி நாள் வேற கூடைல வாங்கிப் பயகிட்டாங்கோன்னா? ஆபீசுன்னா நீ வந்தா சம்பளம் வந்துரும். எனக்கு நான் வந்தா பத்தாது, அவங்களும் வரணும்."

என் மகன் ஒரு வருடத்துக்கு முன் இதையே ஒரே சொல்லில் சொல்லியிருந்தான். நான்தான் சிரித்தேன்.

"அப்படியானால் அவர்களிடமே விடுப்புக் கேளுங்கள்" என்றேன். "எழுத்தில்."

தீபாவளி முடிந்ததும் ஆரோக்கியமேரி ஒரு கோடு போட்ட நோட்டை வாங்கித் தராசுக்குப் பக்கத்தில் வைத்தார். மீன் வாங்க வந்தவர்களிடம் எல்லாம், "எய்திக் குடு, அப்பதான் கத்திய எடுப்பேன்" என்று சொன்னதாக அம்சா பிற்பாடு தெரிவித்தாள். இது முறைகேடு. நான் விசாரிக்கவில்லை.

நோட்டின் பக்கங்கள் படமாக வந்துசேர்ந்தன. செதில் ஒட்டிய பக்கங்கள்.

ஒரு குழந்தை மருத்துவர்: "பத்தொன்பது வருடமாக எங்களுக்கு மீன் தருகிறார். ஒருமுறைகூடப் பழைய மீன் தந்ததில்லை. ஒருமுறைகூடச் சொன்ன நேரத்துக்கு வந்ததுமில்லை. நாற்பத்தைந்து நாள் செல்ல எனக்கு ஆட்சேபணை இல்லை. நாற்பத்தாறாவது நாள் ஆட்சேபணை உண்டு."

பெண்கள் விடுதியிலிருந்து மூவர்: "ஆன்ட்டி வரும்வரை நாங்கள் முட்டை சாப்பிட்டுச் சமாளிப்போம். எங்களுக்கு மீன் கழுவத் தெரியாது. தயவுசெய்து இவரை அங்கேயே வைத்துக்கொள்ளாதீர்கள்."

ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், எண்ணிட்ட பத்திகளில்: "ஒன்று, விண்ணப்பதாரரை நான் அறிவேன். இரண்டு, எடை விஷயத்தில் எங்களுக்குள் நெடுநாள் வழக்கு உள்ளது. மூன்று, அவ்வழக்கு முடியாத நிலையில் அவர் நிரந்தரமாக வெளிநாடு செல்வதை நான் அனுமதிக்க இயலாது."

கடைசிப் பக்கத்தில் அம்சாவின் கைநாட்டு. அதற்கு மேல் யாரோ எழுதிக் கொடுத்த ஒரே வரி: "கட்டையை நான் பார்த்துக்கொள்கிறேன்."

மொத்தம் நாற்பத்தொரு அனுமதி. என் பணிக்காலம் முழுவதும், ஒருவருடைய விடுப்புக்கு இத்தனை பேர் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. நாங்கள் விடுப்பில் போனால் பிரிவில் மற்றவர்களுக்கு மின்விசிறி நன்றாகக் கிடைக்கும்.

எல்லாவற்றையும் மொழிபெயர்த்து, பக்க எண் இட்டு, இணைப்பு ஒன்று முதல் நாற்பத்து மூன்று வரை பட்டியல் போட்டேன். இணைப்பு நாற்பத்திரண்டு, கட்டையின் புகைப்படம், கல்லோடு. நாற்பத்து மூன்று, என் விளக்கம். ‘வேலை அளிப்பவர்’ கட்டத்தில் "பட்டியல் காண்க" என்று எழுதினேன். முரளி கணினியில் ஏற்றிக் கொடுத்தான். ஏற்றும்போது விளக்கத்தைப் படித்தான்.

"அப்பா, லஸ்ல சித்தப்பாவுக்கும் ஒரு விளக்கம் போகுமா?"

"போகும். ஒவ்வொரு கோப்பாக" என்றேன். அன்று மாலையே தம்பியைக் கூப்பிட்டு, முரளி சொந்தத் தொழில் செய்கிறான் என்று சொன்னேன். "அயற்பணி முடிஞ்சிடுத்தா?" என்றான். முடிந்துவிட்டது என்றேன்.

7

கார்த்திகை போயிற்று. மார்கழியும் போய்க்கொண்டிருந்தது. ஸ்டெல்லாவால் குனிந்து காலணிக் கயிறு கட்ட முடியவில்லை. துணி துவைக்கும் அறையில் நான் கட்டிவிட்டேன். விண்ணப்பத்தின் நிலையைத் தினம் மூன்று முறை பார்த்தோம். பரிசீலனையில் உள்ளது. அந்தச் சொற்றொடரை எத்தனை ஆயிரம் பேருக்கு எழுதியிருப்பேன்! மறுபக்கத்தில் இருந்து படித்தால் அது வேறு மொழி.

ஒரு நாள் மாலை, நான் தொட்டிகளைத் தெருவுக்கு உருட்டும் நேரத்தில் ஸ்டெல்லா பனியில் மூச்சு வாங்க வந்து நின்றாள். தொலைபேசியில் அவள் அம்மா.

"சாரு! பாஸ்போர்ட்ட அனுப்பச் சொல்லி மெயில் வந்துக்கீது! பக்கத்து ஊட்டுப் புள்ள படிச்சிச் சொல்லிச்சி. கட்டைய கவுத்துட்டேன்!"

"விசா முத்திரை வந்த பிறகு கவிழ்த்தால் போதும் அம்மா. முறை அதுதான்."

"நீ சும்மா கெட சாரு. டாக்டரம்மா கேலண்டர்ல இப்பவே வட்டம் போட்டுட்டாங்கோ. நாப்பத்தஞ்சி நாளு. ஒரு நாளு மேல போனா என் வேல போயிரும்."

ஸ்டெல்லா அழுதாள், சிரித்தாள், "இன்னாமா நீ" என்றாள். எனக்காகப் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை.

உள்ளே போய் முதல் விண்ணப்பத்தின் நகலை எடுத்தேன். கமலா, "கிழிச்சு நீலத் தொட்டியில போடுங்கோ. இங்கே எரிச்சா தீயணைப்பு வண்டி வந்துடும்" என்றாள். போட்டேன். இன்னொரு தாளும் வைத்திருந்தேன், அவள் பெயருக்கு முகவரியிட்டது: இருபத்தேழு ஆண்டு பணியைக் கணக்கில் சேர்க்காத பிழைக்கு விளக்கம். வாங்கிப் படித்தாள். "பரிசீலனையில் இருக்கு" என்று சொல்லிவிட்டு வகுப்பைத் தொடங்கப் போனாள்.

கோப்பை முடிக்கத் தேதி போட வேண்டும். இங்கே அது மார்கழியின் கடைசிக்கு முந்தைய நாள் மாலை. அடையாறில் மறுநாள் விடிந்திருந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் பணியிடம் எங்கே இருக்கிறதோ அந்த ஊர்த் தேதியைத்தான் இட வேண்டும். பணியிடம் எங்கே என்பதில் எனக்கு இப்போது சந்தேகம் இல்லை.

பதில் வந்த தேதி: போகி.